குப்பைத்தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

எங்கள் துப்பறியும் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே ஒரிஜினலைக் கொடுத்தால் நகல் கிடைக்கும். மேலே நகலைக் கொடுத்தால் ஒரிஜினலைக் கண்டுபிடித்துத் தருவோம். இதையே போர்டில் எழுதி மாட்டலாம் என்று நான் யோசனை சொன்னபோது சித்தப்பா பார்த்த பார்வையில் மின்விசிறி நின்றுவிட்டது. அதே நொடியில் கரண்ட் போனது என்பது வேறு விஷயம்.

சித்தப்பா முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். கார் மரத்தில் மோதியதா, மரம் வந்து காரில் மோதியதா என்று பார்த்துச் சொல்வார். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் மரத்தின் மீதுதான் புகார் கொடுப்பார்களாம். நான் அவருடைய அண்ணன் மகன், கல்லூரி மாணவன், விடுமுறையில் உதவியாளன். வீட்டில் என்னை வால் என்று கூப்பிடுவார்கள். காரணத்தை விளக்கச் சொன்னால் ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

அன்று காலை வந்தவர் ஒரு கணக்கு டீச்சர். தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே காத்திருக்கும் மாணவி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, அவற்றைத் தொட்ட விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் அவர் 'ஊர்வாய்' என்ற இணைய மன்றத்தை நடத்துகிறார். எந்தக் கடைச் செருப்பு வீடு வந்து சேர்வதற்குள் பிய்கிறது, எந்த பிளம்பர் வந்து போனால் ஒழுகாத குழாயும் ஒழுக ஆரம்பிக்கிறது என்றெல்லாம் மக்கள் அதில் எழுதுவார்கள். எழுதியது நேராக வெளியே போகாது. முதலில் டீச்சரிடம் வரும். அவர் பார்த்து அனுப்பினால்தான் ஊர் பார்க்கும். மன்றத்தில் அவருக்குப் பெயர் கிடையாது. வெறும் 'மாடரேட்டர்'. பள்ளியில் யாருக்கும் தெரியாது.

முதல் தாள் வக்கீல் நோட்டீஸ். ஒரு டிரைவிங் ஸ்கூல் முதலாளி அனுப்பியது. தன்னைப் பற்றி மன்றத்தில் வந்த விமர்சனம் முழுப் பொய்; இன்று மாலை ஐந்து மணிக்குள் அதை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, எழுதியவரின் பெயரையும் தர வேண்டும்; இல்லையென்றால் மானநஷ்ட வழக்கு, பள்ளி நிர்வாகத்துக்கும் ஒரு நகல். மாடரேட்டர் யார் என்பதை எப்படியோ தோண்டி எடுத்திருந்தார்கள்.

இரண்டாவது தாள் அந்த விமர்சனம். எழுதியவர் மன்றத்தில் வைத்துக்கொண்ட பெயர் 'மூணாவது கியர்'.

'இந்த ஸ்கூலில் சேருவதற்கு முன் யோசியுங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் உரிமையாளர். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உரிமையாளர் தூங்கிவிட்டார். நான் பதறிப்போய் குப்பைத்தொட்டியில் இடித்தேன். கண் விழித்ததும் தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் கேட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கவில்லை. அப்புறம், ஆபீஸில் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். இது ஒரு நாள் கதை இல்லை. தினமும் பயந்துகொண்டே ஓட்டினேன்.'

சித்தப்பா இரண்டு முறை படித்தார். ஒரு வரியின் அடியில் நகத்தால் கோடு இழுத்தார். எழுதியது யார் என்று தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர். "அது யாருன்னு நீங்க கண்டுபிடிச்சாக்கூட எங்கிட்ட வந்து சொல்லாதீங்க. எழுதினது உண்மையான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. உண்மைன்னா என் வேலையே போனாலும் எடுக்க மாட்டேன். பொய்னா இன்னைக்கே எடுத்துடுவேன்."

பள்ளி மணி அடிப்பதற்குள் போக வேண்டும் என்று எழுந்தார். கதவருகே போனவர் ஏதோ சொல்லத் திரும்பினார். சொல்லாமலே போய்விட்டார். மறந்துவிட்டது போலிருக்கிறது என்றேன். மறந்தவர்கள் அப்படித் திரும்ப மாட்டார்கள் என்றார் சித்தப்பா.

டிரைவிங் ஸ்கூலுக்குள் நுழைந்தால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளியின் அறை. இந்தப் பக்கம் பெஞ்சில் மூன்று பேர் எல்.எல்.ஆர். விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியின் பின்னால் சுவரில் ஒரு ஸ்டியரிங் சக்கரம் மாட்டியிருந்தது, சிலர் வீட்டில் மான்தலை மாட்டியிருப்பார்களே அந்த மாதிரி. மேஜையில் வரிசையாகப் பொம்மைக் கார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையில் வகுப்பு அட்டவணை: இரண்டு வண்டிகளுக்கும் மாறி மாறி விடியற்காலையிலிருந்து ராத்திரிவரை கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பச்சைக் காந்தம். பலகையின் மூலையில், 'ஓய்வு' என்ற குறிப்புக்கு அடியில், சிவப்புக் காந்தங்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தன. வேலை கிடைக்காத பட்டதாரிகள் போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிறுத்தியது அன்று அந்த ஒரு முறைதான்.

என்னைச் சேர்க்க வந்திருப்பதாகச் சித்தப்பா சொன்னார். முதலாளி உற்சாகமாகிவிட்டார். பொம்மைக் காரைக் கையில் வைத்துக்கொண்டு, கிளட்ச் என்பது கணவன் மனைவி உறவு மாதிரி, சட்டென்று விட்டால் வண்டி குதிக்கும் என்று விளக்கினார். நல்ல விளக்கம்தான். சொல்லும்போது கால்கள் மட்டும் ஒன்றுமே செய்யவில்லை. ஓட்டத் தெரிந்தவர்கள் கிளட்சைப் பற்றிப் பேசினால் இடது கால் தானாக அசையும் என்று சித்தப்பா பிற்பாடு சொன்னார். எனக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு.

வாசலில் ஒரு சரக்கு வேன் ஹாரன் அடித்தது. முதலாளியின் பெரிய கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. அவருடைய டிரைவர் எங்கோ போயிருந்தார். சாவி மேஜைமேல், பொம்மைக் கார்களுக்கு நடுவில் கிடந்தது. முதலாளி அதை எடுக்கவில்லை. போனை எடுத்து மாஸ்டரைக் கூப்பிட்டார். மாஸ்டர் என்றால் வண்டி ஓட்டக் கற்றுத்தருபவர். அவர் பாடத்தில் இருந்தார், வர நேரமாகும். ஹாரன் நிற்கவில்லை. தனக்குக் கால் சுளுக்கு என்று சொல்லி முதலாளி வலது முழங்காலைத் தடவினார். வேன்காரர் உள்ளே வந்து கத்தியபோது எழுந்து நொண்டினார். நொண்டியது இடது கால்.

இந்த இடத்தில் ஒரு நல்ல உதவியாளன் தன் குருவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான்.

"என்ன சார், உங்களுக்கு ஓட்டத் தெரியாதா?" என்று கேட்டேன், பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "நீச்சல் தெரியாத மீன் நீச்சல் ஸ்கூல் வச்சிருக்கே."

மூன்று பேரும் சிரித்தார்கள். வேன்காரர் கோபத்தை மறந்து சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அவர் முகத்தைப் பார்க்கும்வரை. அவர் கோபப்படவில்லை. பொம்மைக் காரை வரிசையில் அதன் இடத்தில் வைத்தார். வளைந்திருந்ததை நேராக்கினார். மறுபடியும் நேராக்கினார்.

சித்தப்பா சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரை நகர்த்திவிட்டு வந்து, கண்ணாடிக் கதவைச் சாத்தினார். அப்புறம்தான் முதலாளி பேசினார். ஸ்கூல் அவருடைய அப்பா வைத்தது. அப்பாவே கற்றுக்கொடுத்தும், ஸ்டியரிங்கில் கை வைத்தாலே உடம்பு நடுங்கும். லைசென்ஸ் தேர்வில் இறங்கி ஓடியே வந்திருக்கிறார். அந்தஸ்துக்காகப் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வக்கீல்கிட்ட பொய்னு மட்டும்தான் சொன்னேன்" என்றார், பொம்மைகளைப் பார்த்தபடி. "ஏன் பொய்னு சொல்லல. அதைச் சொல்றதுக்கு நான் தூங்கினேன்னே இருந்துட்டுப் போகலாம்."

வெளியே வந்ததும் கேஸ் முடிந்தது என்றேன். ஓட்டத் தெரியாதவர் ஓட்டக் கற்றுத்தர முடியாது, ஆகவே விமர்சனம் பொய், டீச்சர் நீக்கிவிடலாம், நாம் டீ குடிக்கலாம். சித்தப்பா தெருமுனையைக் காட்டினார். 'எல்' போட்ட சின்னக் கார் ஒன்று வந்து நின்றது. எனக்காக ஒரு மாதிரி வகுப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மாஸ்டர் ஒல்லியான மனிதர். சட்டையின் முதுகில் ஸ்கூலின் பெயர். கண்கள் இரண்டும் வெங்காயம் உரித்தவை மாதிரி. மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு. அதை அவ்வப்போது இழுத்துச் சுண்டிவிட்டுக்கொண்டார். நான் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்தில், சித்தப்பா பின்சீட்டில். மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது எனக்குத் தெம்பாக இருந்தது. என் உயிர் அந்த ஒரு செருப்பில் இருக்கிறது என்று சொன்னேன். சிரித்தார். அருமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடியைப் பார், கையை இறுக்காதே, ரோடு எங்கேயும் ஓடிப் போகாது.

ரப்பர் பேண்டின் சத்தம் கொஞ்ச நேரமாகக் கேட்கவில்லையே என்று திரும்பினேன். தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பு பிரேக்கைவிட்டு நழுவியிருந்தது. முன்னால் ஒரு பள்ளி வேன்.

நான் வாயைத் திறந்தேன்.

"கத்தாதே" என்றார் சித்தப்பா, காதுக்குப் பின்னாலிருந்து. "கிளட்ச். பிரேக். மெதுவா. ஓரமா விடு. அவ்வளவுதான்."

வண்டி நின்றது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுப்பக் கை நீட்டினேன். சித்தப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். இன்னொருவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். ஜோக் அடிக்க நல்ல சந்தர்ப்பம். ஒன்றும் வரவில்லை.

கடந்து போன பஸ்ஸின் ஹாரனில் மாஸ்டர் விழித்தார். முதலில் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். எங்கேயும் இடிக்கவில்லையே என்று கேட்டார். கை கூப்பினார்.

"ஆபீஸ்ல சொல்லிடாதீங்க, சார்."

இந்த வரியை நான் காலையில் படித்திருந்தேன்.

சித்தப்பா டீச்சர் பெயரைச் சொல்லாமல் விவரத்தைச் சொன்னார். மாஸ்டருக்கு ஏற்கெனவே தெரியும். கூட இருந்த இன்னொரு மாஸ்டர் வேலையை விட்டுப் போனதிலிருந்து இரண்டு வண்டிக்கும் இவர்தான். ஒரு வண்டியில் இறங்கி அடுத்ததில் ஏற வேண்டியது. குப்பைத்தொட்டியில் இடித்தது எந்த மாணவி என்பதும் தெரியும். எழுதியது யாராக இருக்கும் என்று முதலாளி கேட்டபோது தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பொண்ணைக் காப்பாத்தச் சொன்னேனா, என்னைக் காப்பாத்திக்கச் சொன்னேனான்னு எனக்கே தெரியல" என்றார். "அவர் தூங்கினதா எழுதியிருந்ததைப் படிச்சப்போ தப்பிச்சோம்னுதான் சார் இருந்தது. ஒருத்தர் மேல அபாண்டம் விழுதேன்னு தோணவே இல்ல."

பச்சைக் காந்தங்கள் ஞாபகம் வந்தன, ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாதது.

டீச்சரின் பள்ளிக்கு நாங்கள் போனபோது கடைசி மணி அடித்திருந்தது. ஆசிரியர்கள் அறையில் அவர் மட்டும் இருந்தார். முன்னால் திறந்த மடிக்கணினி, பக்கத்தில் விடைத்தாள்கள், கையில் சிவப்புப் பேனா. சித்தப்பா சுற்றி வளைக்கவில்லை.

"தூங்கினது நிஜம். இடிச்சது நிஜம். உரிமையாளர்ங்கறது மட்டும் பொய். அவருக்கு ஓட்டத் தெரியாது."

அப்படியென்றால் எழுதியவர் ஏன் அப்படி எழுதினார் என்று டீச்சர் கேட்டார். குரல் கேள்வி மாதிரி இல்லை.

"ஒரு முதலாளி யாருக்குப் பயந்து ஆபீஸ்ல சொல்லாதேன்னு கெஞ்சுவார்? ஆபீஸே அவர்தான். தினமும் பக்கத்துல உட்கார்ந்து ஓட்டினவங்களுக்கு மாஸ்டர் யாரு, முதலாளி யாருன்னு தெரியாம இருக்காது. அப்ப நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க. எழுதினதுக்கும் ஊர் படிச்சதுக்கும் நடுவுல ஒரே ஒரு கதவு. அதுக்கு ஒரே ஒரு சாவி." சித்தப்பா சிவப்புப் பேனாவைப் பார்த்தார். "டீச்சர், மாஸ்டர்னு இருந்ததை உரிமையாளர்னு திருத்தினது நீங்க."

டீச்சர் பேனாவின் மூடியைத் தேடினார். அது அவர் இடது கையிலேயே இருந்தது.

பிறகு காரணத்தைச் சொன்னார். முன்பு ஒரு செருப்புக் கடைப் பெண்ணைப் பற்றி ஒருவர் எழுதினார், முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று. டீச்சர் அப்படியே வெளியிட்டார். மறுநாள் அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று. அவள் டீச்சரின் பழைய மாணவி. அந்த வாரம் முழுக்க அவளுக்குப் பல்வலி என்பது பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து ஒரு வழக்கம்: வேலைக்காரர்களைப் பற்றி எது வந்தாலும் அந்த இடத்தில் உரிமையாளர் என்று போட்டுவிடுவார். கூலிக்கு இருப்பவர்களை ஊர் மெல்லக் கூடாது, முதலாளி தாங்கிக்கொள்வார் என்ற நினைப்பு. தப்பான கூட்டலைத் திருத்துகிற மாதிரி, கை தானாகவே செய்துவிடும்.

"காலையில உங்களுக்குத் தெரியுமா?" என்றார் சித்தப்பா.

டீச்சர் திரையைப் பார்த்தார். "இங்க ஒரு பட்டன் இருக்கு. தட்டினா பழசு அப்படியே தெரியும். நோட்டீஸ் வந்ததுலேருந்து கை அதுகிட்ட போய்ப் போய் வந்தது. தட்டல." பிறகு, "உண்மைதான்னு நீங்க வந்து சொல்லிடுவீங்கன்னு நம்பித்தான் வந்தேன்" என்றார்.

இப்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பழையபடி மாற்றினால் மாஸ்டரின் வேலை போகும். நீக்கினால், பயந்து பயந்து ஓட்டிய பெண் பொய்க்காரி. விட்டுவைத்தால் ஐந்து மணிக்கு மேல் வழக்கு. என்னிடம் ஒரு யோசனை இருந்தது, சொன்னேன்: ஓட்டத் தெரியாத விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிடுவோம் என்று முதலாளியிடம் சொன்னால், நோட்டீஸைத் தானே கிழித்துப் போடுவார். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

டீச்சர் பழைய பட்டனைத் தட்டவில்லை. அட்டவணைப் பலகையைப் பற்றிச் சித்தப்பாவிடம் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் எங்களுக்குப் படித்துக் காட்டினார், பிரேயரில் நின்று படிக்கும் பிள்ளையின் குரலில்.

'கீழே உள்ள விமர்சனத்தில் உரிமையாளர் என்ற சொல்லைப் போட்டது நான். எழுதியவர் போடவில்லை. உரிமையாளர் அந்த வண்டியில் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்ற எல்லாம் உண்மை. கற்றுக்கொடுத்தவர் ஏன் தூங்கினார் என்பதை அந்த ஸ்கூலின் அட்டவணைப் பலகையைப் பார்த்தால் யாரும் தெரிந்துகொள்ளலாம். எழுதியவர் பெயரைத் தர மாட்டேன். வழக்குப் போடுவதானால் என் பெயரில் போடலாம்.'

கீழே தன் முழுப் பெயர், பள்ளியின் பெயர். இத்தனை காலம் வெறும் 'மாடரேட்டர்' ஆக இருந்தவர். வெளியிட்டார். அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் திரையின் மேல்மூலையில் ஒரு சின்ன மணி அசைந்தது. புதிய பதிவு, அனுமதிக்குக் காத்திருக்கிறது.

'டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கே வண்டி ஓட்டத் தெரியாது! இன்று நேரில் பார்த்தோம். ஒரு பையன் கேட்டான் பாருங்கள்: நீச்சல் தெரியாத மீன் நீச்சல் ஸ்கூல் வச்சிருக்கே!! விழுந்து விழுந்து சிரித்தோம்.'

பெஞ்சில் இருந்த மூவரில் ஒருவர்.

டீச்சர் மெல்லப் படித்தார். உண்மையா என்று கேட்டார். உண்மை என்றார் சித்தப்பா. அனுமதி என்ற பட்டனைத் தட்டினால் போதும். நாளைக் காலைக்குள் ஊர் சிரிக்கும். அப்புறம் அந்த நோட்டீஸை எந்த வக்கீலும் கையில் எடுக்க மாட்டார். டீச்சரின் வேலையும் மன்றமும் தப்பிக்கும். முதலாளியைப் பற்றி எழுதலாம் என்பது அவருடைய விதியும்கூட. எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பையன் கேட்டதும் அப்படியே, ஒரு சொல் மாறாமல் இருந்தது. எழுத்தில் பார்த்தபோது அது அவ்வளவு நன்றாக இல்லை.

டீச்சர் 'நிராகரி' என்பதைத் தட்டினார். திரை உடனே கேட்டது: காரணம்? ஆபாசம், விளம்பரம், பொய், மற்றவை. அவர் மற்றவை என்பதைத் தட்டினார். விவரம் தருக என்றது.

போன் அடித்தது. டிரைவிங் ஸ்கூல். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

முதலாளியின் குரல் மெல்ல வந்தது. மன்னிப்பைப் படித்ததாகச் சொன்னார். அடுத்ததைத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எங்க ஹால்ல இருந்தவங்க போனைத் தட்டிக்கிட்டே போனாங்க, டீச்சர். இன்னொண்ணும் வந்திருக்குமே."

"வந்தது."

"எப்பப் போடுவீங்க?"

"போட மாட்டேன், சார்."

அந்தப் பக்கம் பொம்மைக் கார் ஏதோ ஒன்று மேஜையில் உருண்டு நின்றது கேட்டது.

"சாயந்திர வகுப்பை எல்லாம் நிறுத்திட்டேன்" என்றார் முதலாளி. "மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பிட்டேன்." டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "வேலையை விட்டு இல்ல, டீச்சர். போய்த் தூங்கட்டும்னு. தூங்கினது யாருன்னு நான் யாரையும் கேட்கல. அந்தப் பலகைக்கு எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன்." அப்புறம், "வக்கீல்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. திரையில் காரணம் கேட்ட கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அதில் எழுதுவது, பதிவை அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். டீச்சர் விசைப்பலகையில் கை வைத்தார், எடுத்தார். சித்தப்பா மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"ஜோக்கு உன்னோடதுதானே. காரணத்தையும் நீயே எழுது."

கல்லூரிச் சுவர் இதழுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவன் நான். ஒரு வரிக்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. எழுதினேன், அழித்தேன், கடைசியில் இப்படி எழுதி அனுப்பினேன்:

'இதைச் சொன்னவனுக்கே வெட்கமாக இருக்கிறது.'

டீச்சர் படித்துப் பார்த்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.